ஓடும் எஞ்சினில் கழற்றிய வயர்

விமானத்தின் முன்பலகையில் பதினாறு வட்டக் கருவிகள் இருந்தன. பழனிமுத்து ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாக அவற்றை எண்ணிப் பார்த்தான். பதினைந்து எதைக் காட்டுகின்றன என்று அவனுக்குத் தெரியவில்லை. பதினாறாவது தெரிந்தது. மாத்தளை புஹாரி முதலாளியின் பெட்டரி கடைக்கு வருகிற எல்லா லொறியிலும் பஸ்ஸிலும் அந்த முகத்தை அவன் பார்த்திருக்கிறான். நடுவில் பூச்சியம், வலப்பக்கம் கூட்டல் குறி, இடப்பக்கம் கழித்தல் குறி. முள் வலப்பக்கம் சாய்ந்தால் பெட்டரிக்குக் கரண்ட் ஏறுகிறது. இடப்பக்கம் சாய்ந்தால் இறங்குகிறது.

சீகிரியாப் பக்கத்து ஓடுபாதையிலிருந்து கிளம்பும்போது மணி நாலு பத்து. இப்போது நாலு இருபத்தொன்று. கீழே லக்கலைப் பக்கத்துக் காடும், காட்டுக்கு நடுவே பயிரிட எரித்த சேனை நிலங்களும், ஒரு குளமும் தெரிந்தன. முதல் தடவையாக ஆகாயத்திலிருந்து ஊரைப் பார்க்கிறவன் அதையெல்லாம் அல்லவா பார்க்க வேண்டும். பழனிமுத்துவோ அந்த ஒரு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ விரலால் தள்ளுவதுபோல அது நடுவைத் தாண்டி இடப்பக்கம் சாய்ந்தது. சாய்ந்த இடத்திலேயே நின்றது.

என்ன நடந்தது என்று அவனுக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. யாரால் நடந்தது என்பதும் விளங்கியது.

அந்த நாலு பேர் உட்காரும் விமானம் கொழும்பில் ஹோட்டல் நடத்தும் ஒருவருடையது. அதை ஓட்டுகிற கேப்டன் ஸக்கரியாவுக்கு ஐம்பத்திரண்டு வயது இருக்கும். பறப்பதற்கு அனுமதி கிடைக்காமல் மூன்று வாரம் சும்மா நின்றதில் பெட்டரி செத்துப்போனது. கொழும்பிலிருந்து விமானப் பொறியியலாளர் வர நாலு நாளாகும் என்றார்கள். கேப்டனோ பெட்டரியைத் தாமே திரீவீலரில் ஏற்றி மாத்தளைக்குக் கொண்டுவந்து புஹாரி முதலாளி முன்னால் இறக்கிவிட்டார். முதலாளி இரவு முழுக்க சார்ஜில் போட்டு, மறுநாள் அதைப் பூட்டிவிட்டு வரப் பழனிமுத்துவை அனுப்பினார்.

"நான் பிளேன்ல கை வச்சதே இல்லையே மொதலாளி," என்று பழனிமுத்து தயங்கினான்.

"நானும் ஒட்டகத்துல ஏறினது இல்ல. ஹஜ்ஜுக்குப் போகல்லயா? பிளேனும் ஒரு லொறிதான்டா. செறகு வெச்ச லொறி. போய்ப் பூட்டிட்டு வா."

பூட்டினான். எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றி, பெட்டரியை அதன் தட்டில் இருத்தி, முனைகளைச் சுரண்டித் துடைத்து, கிரீஸ் தடவி, எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தான். கேப்டன் உள்ளேயிருந்து ஸ்டார்ட் பண்ணினார். சிறகின் லைட்டும் எரிந்தது. அதோடு விட்டிருக்க வேண்டும்.

புஹாரி முதலாளியின் கடையில் ஒரு வழக்கம் உண்டு. முதலாளிக்கு அவர் வாப்பா கற்றுக்கொடுத்தது, அந்தத் தெருவில் பெட்டரி வேலை செய்கிற எல்லாருக்கும் கைவந்தது. எஞ்சின் ஓடும்போதே பெட்டரியின் ஒரு வயரைக் கழற்றிப் பார்ப்பது. லைட் அணையாமல் எரிந்தால் தைனமோ நன்றாக இருக்கிறது, வண்டியைக் கொடுத்துவிடலாம். அணைந்தால் தைனமோவில் கோளாறு. எந்த மீட்டரும் வேண்டாம், இரண்டு விநாடியில் தெரிந்துவிடும். பழனிமுத்து ஐந்து வருஷமாக ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை அப்படிச் செய்கிறான்.

அது பழைய தைனமோவுக்குச் சரி. புதிய வண்டிகளில் தைனமோவுக்குப் பதிலாக ஆல்டனேட்டர் இருக்கிறது. பெட்டரியைத் திடீரென்று பிரித்தால் போக்கிடமில்லாத கரண்ட் ஒரே வீச்சில் எகிறி, ஆல்டனேட்டருக்குள் இருக்கும் மெல்லிய பாகங்களைச் சுட்டுவிடும். உடனே சாகாது. கொஞ்ச நேரம் ஓடி, சூடேறி, பிறகு சாகும். இதை மாத்தளையில் செவ்வாயும் வியாழனும் நடக்கும் மாலை வகுப்பில் மூன்று கிழமைக்கு முன்புதான் சொல்லித் தந்தார்கள். வகுப்பு சிங்களத்தில் நடக்கும். பழனிமுத்து காதால் கேட்பதை அவசரமாகத் தமிழில் கிறுக்கிக்கொண்டு, உக்குவளைக்கு மேலே தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போய், இன்னொரு கொப்பியில் திருத்தமாக எழுதுவான். நாற்பத்தொன்றாம் பக்கம். 'ஆல்டனேட்டர் உள்ள வண்டியில் எஞ்சின் ஓடும்போது பெட்டரி வயரைக் கழற்றவே கூடாது.' கீழே இரண்டு சிவப்புக் கோடு. கோடு சரியாக விழவில்லை என்று அழித்து மறுபடி போட்டதுகூட அவனுக்கு நினைவிருந்தது.

ஆனாலும் இன்றைக்கு மத்தியானம், எஞ்சின் உறுமிக்கொண்டிருக்கையில், கேப்டன் உள்ளே குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்த நேரம், கை தானாகப் போய் வயரைக் கழற்றிவிட்டது. சிறகில் லைட் எரிந்துகொண்டே இருந்தது. சந்தோஷமாகத் திரும்பப் பூட்டி, பெருவிரலைத் தூக்கிக் காட்டினான்.

"ஓக்கேயா?"

"ஓக்கே சேர்."

"அப்ப ஏறு மகன். ஒன்ட வேலைக்கு நீயே கெரண்டி."

லொறியாக இருந்தாலும் அதுதான் வழக்கம். வேலை செய்தவன் கூடவே ஒரு சுற்றுப் போய்வர வேண்டும். பழனிமுத்து மறுக்கவில்லை.

இப்போது கேப்டனும் முள்ளைப் பார்த்துவிட்டார்.

"ஆ, இதென்ன," என்றார். குரல் காதில் மாட்டியிருந்த ஹெட்போன் வழியாக வந்தது. "ஒன்ட கூட்டாளி படுத்துட்டான் போல. சார்ஜ் ஏறல்ல, என்ன?"

"ஏறல்ல சேர்."

"மொகத்த ஏன் அப்பிடி வெச்சிக்கிற? எஞ்சின் நிண்டுருமோண்டு பாக்கிறியா? நிக்காது. இதுல நெருப்புப் பொறிக்கு வேற ஏற்பாடு ஈக்கி. பெட்டரியக் கழட்டிக் கீழ எறிஞ்சாலும் எஞ்சின் ஓடும்."

"அப்ப எது நிக்கும் சேர்?"

"மத்த எல்லாம்." கேப்டன் விரல்விட்டுக் காட்டினார். "லைட்டு. பெற்றோல் காட்ற முள்ளு. எறங்கக்கொள்ள வேகத்தக் கொறைக்க, செறகுக்குப் பின்னால ஒரு தட்டு எறக்குவோம், அது. பொறகு ரேடியோ." ரேடியோ என்று சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

ஏன் சிரிக்கவில்லை என்று பழனிமுத்துவுக்குத் தெரியும். அது 2007ஆம் வருஷம். அந்தப் பங்குனியில்தான் புலிகளின் சின்ன விமானங்கள் முதல் தடவையாகத் தெற்கே வந்து குண்டு போட்டுவிட்டுப் போயிருந்தன. அதற்குப் பிறகு சின்ன விமானம் என்றாலே எல்லாருக்கும் கிலி. ஓடுபாதைக்குப் பக்கத்து மேட்டில் மண்மூட்டை அடுக்கி ஒரு பீரங்கி வைத்திருந்தார்கள். நாலிலிருந்து ஐந்து மணிவரைதான் அனுமதி. ஐந்து மைல் தூரத்தில் வரும்போதே ரேடியோவில் பேர் சொல்லிக் கேட்டு, அவர்கள் வா என்ற பிறகுதான் வரவேண்டும். பேர் சொல்லாமல் வருகிற எதையும் சுடுவதற்கு ஆணை இருக்கிறதென்று கேப்டனே கிளம்பும்முன் சொல்லியிருந்தார்.

கேப்டன் இரண்டாகப் பிளந்திருந்த ஒரு சிவப்பு சுவிச்சின் பாதியை அணைத்துப் போட்டார். முள் அசையவில்லை. மறுபடி அணைத்துப் போட்டார்.

"சில நேரம் இப்பிடிச் செஞ்சா எழும்பும்," என்றார். பிறகு சாதாரணமாகக் கேட்டார், "மகன், பூட்டக்கொள்ள ஒண்டும் பிழைக்கல்லயே? எஞ்சின் ஓடக்கொள்ள எதிலயாச்சும் கை வெச்சியா?"

நாலு இருபத்துநாலு. அந்த நேரத்தைப் பழனிமுத்து மறக்கப்போவதில்லை, ஏனென்றால் பதில் சொல்லுமுன் அவன் தன் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்தான்.

ஒரு தமிழன். தோட்டத்து விலாசம் போட்ட அடையாள அட்டை. விமானத்து எஞ்சினைத் திறந்து வயரைக் கழற்றினான், அது ஆகாயத்தில் பழுதாகிவிட்டது. கேட்கிறவர்கள் அதை எப்படிக் கேட்பார்கள்? போன மாசம் பைக்குள் வோல்ட் மீட்டர் இருந்ததற்காகச் சோதனைச் சாவடியில் இரண்டு மணிநேரம் உட்கார வைத்திருந்தார்கள். இது குண்டு வெடிக்க வைக்கிற சாமானில்லை, பெட்டரி பார்க்கிற சாமான் என்று அவன் பத்துத் தடவை சொன்ன பிறகு, புஹாரி முதலாளி தொப்பியைப் போட்டுக்கொண்டு நேரில் வந்ததால்தான் விட்டார்கள். வெறும் மீட்டருக்கே அப்படி.

"இல்ல சேர்," என்றான்.

"ம். அப்ப ரிலே ஏதும் தட்டியிருக்கும். திரும்பத் திரும்பப் போட்டுப் பாப்பம்."

கேப்டன் அவனை நம்பினார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. நம்பியபடியே அவர் சுவிச்சை அணைத்தார், போட்டார். பலகையின் கீழே கையை விட்டு எதையோ அழுத்தினார். மறுபடி போட்டார். இடையில் ரேடியோவில் ஓடுபாதையைக் கூப்பிட்டுப் பார்த்தார். காட்டுக்கும் மலைக்கும் பின்னால் தாழ இருந்ததாலோ என்னவோ, கரகரப்பைத் தவிர ஒன்றும் வரவில்லை.

"ஏதோ தெரு நாய் கொட்டாவி விட்ற மாதிரி ஈக்கி," என்றார். "கிட்டப் போய்க் கூப்பிடுவம்."

பழனிமுத்து மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். செத்த ஆல்டனேட்டரைச் சுவிச்சு எழுப்பாது. எழுப்பப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் பெட்டரியில் மிச்சமிருப்பதுதான் தீர்ந்துபோகிறது. சிறகு நுனியில் லைட் மின்னிக்கொண்டிருக்கிறது, பலகை லைட் எரிகிறது, கருவி ஏதோ ஒன்று உள்ளே இரைகிறது, ரேடியோ வேறு. அது ஆறு வருஷப் பழைய பெட்டரி. சார்ஜ் ஏறியதும் நல்ல வோல்ட் காட்டும், சுமை ஏற்றினால் மளமளவென்று இறங்கிவிடும் என்று கடையிலேயே அவன் முதலாளியிடம் சொல்லியிருந்தான். இப்போதே எல்லாவற்றையும் அணைத்தால் ரேடியோவுக்கென்று நல்ல பங்கு மிஞ்சும். அதைச் சொல்ல ஒரே ஒரு வசனம் போதும். ஆனால் அந்த வசனத்தைச் சொன்னால், 'எப்படித் தெரியும்' என்று அடுத்த கேள்வி வரும்.

சொல்லலாம், இப்போது சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டே இருந்தான். நாலு இருபத்தாறு. ஒருவேளை தான் நினைப்பது தவறோ? உண்மையிலேயே ரிலேதானோ? வகுப்பில் எந்தப் பரீட்சையிலும் எழுதியதை மூன்று தடவை சரிபார்க்காமல் கொடுத்ததில்லை; அவனுக்குத் தன் மேல் அவ்வளவுதான் நம்பிக்கை. நாலு இருபத்தெட்டு. கேப்டன் மறுபடி சுவிச்சை அணைத்துப் போட்டார். பலகை லைட் மஞ்சளாகி, பிறகு செம்மஞ்சளானது. சாகப்போகிற பெட்டரியின் நிறம் அது. பெற்றோல் முள் இரண்டும் பூச்சியத்தை நோக்கி இறங்கத் தொடங்கின. நக்கிள்ஸ் மலைப்பக்கமிருந்து மேகம் எழும்பி வெயிலை மறைத்தது. நாலு முப்பத்தொன்று.

"சேர், நான் கழட்டினேன்."

"எத?"

"பெட்டரி வயர. எஞ்சின் ஓடும்போது. லொறிக்கு அப்படித்தான் பாப்போம். இதுக்கு அப்படிச் செய்யக்கூடாதுன்னு எனக்குத் தெரியும் சேர். படிச்சிருக்கேன். கை போயிருச்சு. ஆல்டனேட்டர் செத்துருச்சு. இனி எழும்பாது. நீங்க போடப் போட பெட்டரிதான் எறங்குது."

கேப்டன் திட்டவில்லை. அவர் கை மட்டும் போய்ச் சிவப்பு சுவிச்சு முழுவதையும் அணைத்தது. காதில் கேட்டுக்கொண்டிருந்த மெல்லிய இரைச்சல் சட்டென்று நின்றது. இனிப் பேசுவதென்றால் எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்த வேண்டும். அவர் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டார்.

"எப்ப கேட்டேன் நான் ஒனக்கிட்ட?"

"நாலு இருபத்துநாலு சேர்."

"ஏழு நிமிஷம்," என்றார். திட்டியிருக்கலாம் என்று பழனிமுத்துவுக்குத் தோன்றியது.

"வேற எங்கயாச்சும் எறங்க முடியாதா சேர்?"

"எங்க எறங்குற? கொழும்புக்குப் போனா இங்க ஒண்டு, அங்க பத்து பீரங்கி. வயல்ல எறங்கினா சேத்துல பொரண்டு நாம ரெண்டு பேரும் மௌத்து. எறங்க ஏலுமான எடம் எல்லாத்துலயும் அவங்கதான் ஈக்கிறாங்க. வந்த எடத்துக்கே போகணும், அஞ்சு மணிக்கு முந்தி. அஞ்சுக்குப் பொறகு வாறது யாருண்டாலும் அவங்களுக்கு ஒண்டுதான்." திரும்பி அவனைப் பார்த்தார். "இப்ப உண்மையச் செல்லு. பெட்டரியில ஏதாச்சும் ஈக்கா?"

"கொஞ்ச நேரம் சும்மா விட்டா கொஞ்சம் உசுரு வரும் சேர். ஒரு தடவ பேசலாம். அதுக்கு மேல சொல்ல ஏலாது."

"எவ்வளவு நேரம் விடணும்?"

கடையில் யாரும் இதைக் கேட்டதில்லை. கடையில் பெட்டரி செத்தால் இன்னொரு பெட்டரி இருக்கும். பத்து நிமிஷமா, இருபதா? கூட விட்டால் கூட ஏறும், ஆனால் ஐந்து மணி ஆகிவிடும்.

"பதினாலு நிமிஷம் சேர்."

"பதினஞ்சு இல்லயா?"

"பதினாலு," என்றான். ஏன் பதினாலு என்று அவனுக்கே தெரியவில்லை.

கேப்டன் மேற்கே திருப்பி, பீரங்கிக்கு எட்டாத தூரத்தில், வஹகோட்டைப் பக்கமாகப் போய்ச் சுற்றினார். கீழே கோயிலின் வெள்ளைச் சுவரும், முற்றத்தில் துணி காயப்போட்டதுபோலச் சின்னச் சின்ன நிறங்களும் தெரிந்தன. ஆட்களாக இருக்கலாம். ஒரு சுற்று, இரண்டு சுற்று. பழனிமுத்துவுக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. கையில் ஸ்குறூ டிரைவர் இருந்தது, அதைத் தொடையின் கீழே செருகி வைத்துக்கொண்டான். இதே கோளாறு தரையில் என்றால், வண்டியை ஓரங்கட்டி, பழைய ஆல்டனேட்டர் ஒன்றை அலவாங்கு போட்டு நெம்பி மாற்றி அரைமணியில் அனுப்பியிருப்பான். இங்கே கோளாறு இருக்கும் இடம் அவனிடமிருந்து மூன்றடி தூரம்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சுற்றுகிற இறக்கைக்குப் பின்னால். அங்கே கை எட்டாது.

கேப்டன் உதட்டை அசைத்து ஏதோ ஓதினார். பிறகு அதே வாயால் ரேடியோவில் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தார். விமானத்தின் எழுத்துகள், மின்சாரம் போய்விட்டது, மேற்கிலிருந்து இறங்குகிறோம். ஆங்கிலத்தில் எட்டுச் சொல். "ரெண்டக் கொறைக்கணும்," என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். "கேக்கிறதுக்குக் கொஞ்சம் போதும், பேசுறதுக்குத்தான் கூட இழுக்கும், என்ன?"

"ஆமா சேர். வேகமா சொல்லிருங்க."

"வேகமாச் சென்னா வெளங்காது. மெதுவாச் சென்னா பெட்டரி ஈக்காது. நல்ல தொழில் பழகியிருக்கிற நீ."

நாலு நாற்பத்தைந்து. பழனிமுத்து தலையாட்டினான். ரேடியோவைத் தவிர எல்லாச் சுவிச்சும் அணைந்திருக்கிறதா என்று கேப்டன் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, சிவப்பு சுவிச்சைப் போட்டார். ரேடியோவின் சின்ன லைட் எரிந்தது. நல்ல வெளிச்சமாகத்தான் எரிந்தது. பழனிமுத்துவுக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது. கேப்டன் பொத்தானை அழுத்தி, நிதானமாக எழுத்துகளைச் சொன்னார். நாலாவது எழுத்தில் லைட் மஞ்சளானது. ஐந்தாவது எழுத்தையும் சொல்லி, அடுத்த சொல்லின் முதல் பாதியில் அவர் இருக்கும்போது அணைந்துவிட்டது. அவர் அது தெரிந்தும் வாக்கியத்தை முழுவதும் சொல்லி முடித்தார்.

"கேட்டிருக்குமா சேர்?"

"நான் எப்பிடிச் செல்ற?"

சீகிரியாக் குன்று இடப்பக்கம் வந்தது. அதன் பின்னால் ஓடுபாதை, மண்ணில் கிழித்த கோடுபோல. கேப்டன் வேகத்தைக் குறைத்தார். ஒளிந்து வருகிறவன் தாழப் பறப்பான் என்பதால் உயரமாகவே வந்து, யாருக்கும் தெரியும்படி சிறகுகளை ஒருமுறை இந்தப் பக்கமும் ஒருமுறை அந்தப் பக்கமும் சாய்த்துச் சாய்த்துக் காட்டினார்.

"கையத் தூக்கிக் கண்ணாடியில வை," என்று கத்தினார். "ரெண்டு கையையும். விரலை விரிச்சு."

"தூரத்துல இருந்து தெரியுமா சேர்?"

"தெரியாது. வை."

பழனிமுத்து இரண்டு உள்ளங்கைகளையும் பக்கக் கண்ணாடியில் அழுத்தினான். கண்ணாடி நடுங்கியது. மேட்டில் மண்மூட்டைகள் தெரிந்தன. பீரங்கியின் மேல் போட்டிருந்த பச்சைத் தார்ப்பாயை எடுத்துவிட்டிருந்தார்கள். மூன்று பேர் அதன் பக்கத்தில். குழாய் விமானத்தோடு கூடவே திரும்பியது. விமானம் ஓடுபாதைக்கு இணையாகப் போக, குழாயும் போனது. வளைந்து திரும்ப, குழாயும் திரும்பியது. ஒரு கட்டத்தில் குழாயின் வாய் மட்டும், வட்டமாக, சின்னக் கரும்புள்ளியாகத் தெரிந்தது. நேரே பார்த்தால்தான் அப்படித் தெரியும். அந்த ஏழு நிமிஷமும் இருந்திருந்தால் எட்டுச் சொல்லும் போயிருக்கும் என்று அப்போது நினைத்தான். அதை நினைத்து ஆகப்போவது ஒன்றும் இல்லை. கையைக் கண்ணாடியிலிருந்து எடுக்காமல் வைத்திருந்தான்.

சுடவில்லை.

சக்கரம் தரையைத் தொட்டது. வேகம் குறைக்கும் தட்டு இறங்காததால் விமானம் நிற்க மனமில்லாததுபோல ஓடி, ஓடுபாதை முடிந்த பிறகும் கொஞ்சத் தூரம் புதருக்குள் போய், முன்சக்கரம் குழியில் குத்தி நின்றது. எஞ்சினைக் கேப்டன் அணைத்தார். அவ்வளவு நேரம் நிற்காமல் ஓடிய ஒரே சாமான் அதுதான்.

துப்பாக்கியோடு ஆறேழு பேர் ஓடிவந்தார்கள். கைகளைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லி இறக்கினார்கள். பிறகு ஜீப்பில் வந்த அதிகாரி இளைஞர், நன்றாகச் சவரம் செய்த முகம். கேப்டனை அவருக்குத் தெரியும். சிங்களத்தில் பேசிக்கொண்டார்கள்.

"உங்கள் எழுத்துகளில் முதல் இரண்டு கேட்டது," என்றார் அதிகாரி. "பிறகு ஒன்றுமே இல்லை. அந்த இரண்டுக்காகத்தான் பொறுத்தோம். இன்னும் ஒரு நிமிஷம் பார்ப்போம் என்றுதான் நின்றோம், கேப்டன். நானும் வியர்த்துப்போனேன்." சட்டையின் கழுத்தை இழுத்துக் காட்டினார். பிறகு பழனிமுத்துவின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். பேரைப் படித்தார். விலாசத்தைப் படித்தார். மறுபடி பேரைப் படித்தார். "இவர் யார்?"

காவலறையில் உட்கார வைத்தார்கள். பால் விடாத பிளேன்டி கொடுத்தார்கள். கேப்டன் விமானத்தின் பதிவுப் புத்தகத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார், மூடினார்.

"நான் இதுல எழுதணும் மகன்," என்றார் தமிழில், தாழ்ந்த குரலில். "பொய் எழுதினா நாளைக்கு எஞ்சினியர் வந்து பிரிச்சுப் பாத்துக் கண்டுபிடிப்பான். அப்ப ஒனக்கு இன்னும் மோசம்."

"எழுதுங்க சேர்."

"நீ வேணுமெண்டு செய்யல்ல. எனக்குத் தெரியும்."

"ஆமா சேர்."

கேப்டன் ஆங்கிலத்தில் ஒரே வரி எழுதினார். எஞ்சின் ஓடும்போது மெக்கானிக் பெட்டரியைக் கழற்றினார், பறப்பில் ஆல்டனேட்டர் செயலிழந்தது. அதிகாரி அதைப் படித்தார். படித்ததும் அவர் முகத்தில் இருந்த இளமை கொஞ்சம் குறைந்தது.

"கழற்றினாரா? எதற்கு?"

பழனிமுத்து சிங்களத்தில் விளக்கினான். லொறி, தைனமோ, மாத்தளைத் தெருவில் எல்லாரும் செய்வது. அவன் சிங்களம் நல்ல சிங்களம்தான். ஆனால் சொல்லச் சொல்ல, அந்தப் பக்கம் நின்று கேட்டால் தானே நம்பமாட்டான் என்று அவனுக்குப் பட்டது. கூடாது என்று தெரியுமா என்று அதிகாரி கேட்டார். தெரியும் என்றான். தெரிந்தும் செய்தாயா என்றார். ஆமாம் என்றான்.

"எழுதிக் கொடு," என்றார் அதிகாரி. "நடந்தது எல்லாம். ஒன்றுவிடாமல்."

எழுத்தர் வெள்ளைத் தாள்களைத் தந்தார். பழனிமுத்துவுக்குச் சிங்களம் பேச வரும், எழுத வராது. தமிழில் எழுதலாமா என்று கேட்டான். அதிகாரி தோளைக் குலுக்கினார்.

மேல் ஓரத்தில் திகதி போட்டு, விளிம்பு விட்டு எழுதத் தொடங்கினான். பெட்டரியின் வயது, சார்ஜில் போட்ட மணித்தியாலம், சுரண்டியது, கிரீஸ் தடவியது, எந்தக் கையால் எந்த வயரைக் கழற்றினான், எத்தனை விநாடி. புஹாரி முதலாளி கடையின் வழக்கம். நாற்பத்தொன்றாம் பக்கம், இரண்டு சிவப்புக் கோடு, வேண்டுமானால் கொப்பியைக் கொண்டுவந்து காட்டத் தயார். நாலு இருபத்துநாலு வந்தபோது பேனா நின்றது. அதை எழுதாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கேப்டன் அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. பிறகு, 'கேப்டன் கேட்டார், நான் இல்லை என்று சொன்னேன், பயத்தினால்' என்று எழுதினான். ஏழு நிமிஷத்தையும் எழுதினான். நாலு பக்கம் ஆனது. முழுவதையும் மூன்று தடவை படித்து, ஓர் இடத்தில் விடுபட்ட ஒற்றெழுத்தைச் சேர்த்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

அதிகாரி தாள்களைப் புரட்டினார். எழுத்தரிடம் காட்டினார். எழுத்தர் வெளியே நின்றவர்களிடம் காட்டினார். அந்த இடத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

"கேப்டன், நீங்கள்?"

கேப்டன் ஸக்கரியா தாளைக் கையில் வாங்கினார். கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். பிறகு பழனிமுத்துவைப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்தார். "நான் படிச்சது இங்கிலீஷ் மீடியம் மகன். பேசத்தான் தெரியும்."

"பரவால்ல சேர்."

தாள் நாளைக்கு மாத்தளைக்குப் போகும், அங்கே மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருக்கிறார், வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும் என்றார் அதிகாரி. அதுவரை இவர் இங்கேயே இருக்கட்டும். அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. புஹாரி முதலாளிக்குத் தகவல் சொல்லக் கேப்டன் வெளியே போனார். போகும்போது பழனிமுத்துவின் தோளில் கையை வைத்தார். வைத்த கை அங்கே என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எடுபட்டது.

இரண்டு பேர் சான்றுப்பொருள் என்று பெட்டரியைத் தூக்கி வந்தார்கள். விமானம் குழியில் குத்தியதில் அதன் மூடி ஒன்று தெறித்திருந்தது. மேல்பக்கம் ஈரமாக மினுங்கியது, பக்கவாட்டில் ஒரு கோடு வழிந்திருந்தது. மேசை மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பழனிமுத்துவின் நாலு தாள்களும் எழும்பி எழும்பிப் படபடத்தன. எழுத்தர் அவற்றை ஒழுங்காக அடுக்கி மேசையில் வைத்து, பறக்காமலிருக்கப் பெட்டரியைத் தூக்கி அவற்றின் மேல் வைக்கச் சொன்னார்.

"மாத்தயா," என்றான் பழனிமுத்து சிங்களத்தில். "அது அசிட். கடதாசி மேல் வைக்க வேண்டாம். எரித்துவிடும்."

"பேசாமல் உட்கார்."

"கொஞ்சம் தள்ளி வைத்தால் போதும் மாத்தயா."

"உட்காரச் சொன்னேன்."

உட்கார்ந்தான். எழுத்தர் மேசை லாச்சியைப் பூட்டிவிட்டு வெளியே போனார். வாசலில் துப்பாக்கிக்காரன் முதுகைக் காட்டி நின்றான். பழனிமுத்துவின் நாற்காலியிலிருந்து மேசை மூன்றடி தூரம். எழும்பக் கூடாது. பெட்டரியில் வழிந்திருந்த கோடு அடிப்பக்கம் வந்து, தாளின் ஓரத்தைத் தொட்டு, ஒரு நாணயமளவுக்கு ஈரமாகப் பரவியிருந்தது. கடையில் அவன் உடுத்துகிற எல்லாச் சட்டையிலும் அந்த அளவில் ஓட்டை உண்டு. முதலில் ஒன்றும் தெரியாது. காயக் காயத்தான் பழுப்பாகி, பிறகு கறுத்து, தொட்டால் உதிரும். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. ஈரம் மேல் ஓரத்தில் போட்ட திகதியை எட்டி மை கரைந்ததும், அதில் எத்தனை எழுத்து இன்னும் வாசிக்க முடிகிறது என்று இருந்த இடத்திலிருந்தே எண்ணத் தொடங்கினான்.